தூக்கிப் பிடித்த கை

ஜீவராணி அடிக்கிறவள். கித்துல்கலவுக்கு மேலே, ஆற்றைப் பார்த்தபடி ஏறிப்போகும் ரப்பர் தோட்டத்தின் மேல் டிவிசனில் அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். நன்றாகப் பால் வெட்டுவாள், சிங்களத்தைச் சிங்களவரைப் போலவே பேசுவாள், வயிற்றில் குழாய் வைத்த பிள்ளையை வளர்க்கிறாள் என்பதெல்லாம் பிறகுதான் வரும்.

“சும்மா சொல்லக்கூடாது. அவ கை பட்டா ஒரு பல்லாவது போகும்” என்பாள் மூக்காயி. பக்கத்துக் காம்பராக்காரி. ஒரே கூரைக்குக் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, பாதியில் நின்றுவிடும். இந்தப் பக்கம் விழுகிற அறையின் சத்தம் அந்தப் பக்கம் சோறு தின்கிறவளின் தட்டில் விழும். அதனால் மூக்காயியின் பேச்சுக்கு ஒரு சாட்சியின் மதிப்பு உண்டு.

அடியோடுதான் ஜீவராணி வளர்ந்தாள். அப்பா செல்லையா குடித்துவிட்டு வந்து, அம்மா வெள்ளையம்மாவை ஒரு கரண்ட் வயரால் அடிப்பார். வயரை மடித்து ஆணியில் தொங்கவிட்டிருப்பார், தொப்பியைத் தொங்கவிடுகிற மாதிரி. ஜீவராணி பெரிய பிள்ளையான வருசம், வயர் ஓங்கியபோது அதன் மறுமுனையைப் பிடித்தாள். இழுத்தாள். கையில் சுற்றிக்கொண்டு அப்பாவை அதே வயரால் அடித்தாள். செல்லையா வாசலில் உட்கார்ந்து மகளைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். எழுந்து வந்து அவளை அறைந்தது வெள்ளையம்மாதான். “பெத்த அப்பன் மேலயே கை நீட்டுறியாடி?”

அன்றைக்கு அவள் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். அடிக்குப் பின்னால் நியாயம் வரும் என்று காத்திருக்கக்கூடாது. இன்னொரு அடிதான் வரும். அது வருவதற்குள் நாம் தயாராக இருக்க வேண்டும்.

கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். வீட்டுக்காரரின் தம்பி குசினிக்குள் வந்து தோளில் கை வைத்தான். சட்டை தேய்த்துக்கொண்டிருந்தவள் அயன் பெட்டியை அப்படியே அந்தக் கைமேல் வைத்துவிட்டாள். அன்றைக்கே பஸ் ஏற்றி அனுப்பினார்கள். தோட்டத்துக்குத் திரும்பி, பால் வெட்டப் பெயர் கொடுத்து, லோகநாதனைக் கட்டினாள்.

லோகன் ஒல்லி. பேச்சு குறைவு. அவன் கையில் கத்தி இருந்தால் மரத்துக்கே நோகாது என்று கங்காணி சொல்வார். பட்டையில் காகிதத் தடிப்புக்கு மேல் ஒரு சீவல் போகாது. அதே கைக்குள் கசிப்புச் சாராயம் இறங்கினால் வேறு கையாகிவிடும். கலியாணமான வாரத்தில் குழம்பில் உப்பில்லை என்று கன்னத்தில் ஒன்று வைத்தான். ஜீவராணி அகப்பையால் திருப்பி வைத்தாள். அகப்பை உடைந்தது. “இன்னைக்கு ரெண்டு ஷோவாடி?” என்று சுவருக்கு மேலாக மூக்காயி கேட்டாள். அப்படியே பழகிப்போனது. அவன் ஒன்று, அவள் ஒன்று. சில நாள் அவள் இரண்டு.

அந்த வீட்டுக்குள்தான் யதுஷா வந்தாள்.

பிறந்தபோது பிள்ளை அழவில்லை. மூச்சு வரப் பிந்திவிட்டது. அழுதபோதும் பூனைக்குட்டி கத்துவதைப் போல ஒரு நூல் சத்தம்தான். கழுத்து நிற்கவில்லை. முலையைக் கொடுத்தால் சப்பும், விழுங்காது. பால் மூக்கால் வரும், இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் இறங்கும். நெஞ்சுக்குள் இறங்கினால் காய்ச்சல், ஆஸ்பத்திரி, ஊசி. முதலில் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். பிள்ளை அதைப் பிடுங்கும், திரும்ப விடும்போது ஜீவராணிதான் கையைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். தன் பிள்ளையை இத்தனை பலத்தோடு அமுக்க முடிகிறதே என்று அவளுக்கே தன்மேல் பயம் வந்தது. பிறகு கொழும்பில் ஓபரேஷன் செய்து வயிற்றிலேயே வைத்தார்கள்.

தொப்புளுக்கு மேலே, இடப்பக்கம், பென்சில் தடிப்பில் ஒரு குழாய். உள்ளே அதன் முனையில் ஒரு சின்னப் பலூன், அதற்குள் தண்ணீர். அந்தப் பலூன்தான் குழாய் வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னதை ஜீவராணி மந்திரம் போல மனதில் வைத்திருந்தாள். “வெளியே வந்துட்டா பயப்பட வேண்டாம். ஆனா நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த ஓட்டை தானா மூடிக்கொள்ளும். கழுவி, அதே வழியால மெல்ல உள்ளே வச்சு, பிளாஸ்டர் ஒட்டி, உடனே கொண்டு வாங்க. நாங்க பார்க்கும்வரை பால் ஊத்த வேண்டாம்.”

தானாக மூடிக்கொள்ளும் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெட்டாமல் விட்ட மரம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

பிள்ளையை முதன்முதலாகக் குளிப்பாட்டிய நாளில் மூக்காயி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் சும்மா போயிருக்கலாம். “அடியாத்தி! மரத்துல பால் வடியப் பீலி அடிச்ச மாதிரில்ல இருக்கு. சிரட்டையத்தான் காணோம்.” ஜீவராணி எழுந்தாள், வெளியே இருந்த வாளியை எடுத்தாள், ஒரு காலை முழுக்க வெட்டிச் சேர்த்த பாலை மூக்காயியின் தலையிலேயே கவிழ்த்தாள். மூக்காயி முடியில் ஒட்டியதைப் பிய்த்துக்கொண்டு அடுத்த வாரம் முழுக்கத் திரிந்தாள். கோபித்துக்கொள்ளவும் இல்லை. “ரப்பர் தொப்பி போட்டு விட்டாளே சிறுக்கி” என்று தானே சொல்லிச் சிரித்தாள்.

குழாய்ப் பால் கொடுப்பது ஒரு தனி வேலை. பெரிய சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, அதன் வாயைக் குழாயில் பொருத்தி, மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பாலோ, துணியில் வடித்த திரிபோஷச் சத்துமாக் கஞ்சியோ, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அது தானாக இறங்கும். கையை உயர்த்தினால் வேகமாகப் போகும், தாழ்த்தினால் நிற்கும், இன்னும் தாழ்த்தினால் வயிற்றில் இருப்பதே திரும்பி வரும். முடிந்ததும் கொதித்தாறிய தண்ணீர் ஊற்றிக் குழாயைக் கழுவ வேண்டும். அதுவரைக்கும் கை இறங்கக்கூடாது.

ஒரு தடவை அவள் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது லோகன் பின்னால் வந்து பிடரியில் அறைந்தான். என்ன சண்டை என்பது இருவருக்கும் இப்போது ஞாபகமில்லை. சிரிஞ்ச் ஆடியது, பால் ஒரேயடியாக இறங்கியது, பிள்ளை கக்கியது. கக்கியது மூச்சுக்குள் போய் உதடு நீலமானது. லோகன்தான் பிள்ளையைப் பறித்துக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினான். தட்டுகிற கை நடுங்கவில்லை. மூச்சு வந்தபிறகுதான் நிறுத்தினான்.

“சிரிஞ்ச தூக்கியிருக்கும்போது அடி வேணாம் ஜீவா” என்றான். “நீயும் வேணாம், நானும் வேணாம்.”

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தக் காம்பராவில் நிலைத்து நின்ற ஒரே சட்டம் அது. குடித்துவிட்டு வந்தாலும், அவள் கையில் சிரிஞ்ச் உயர்ந்திருந்தால் லோகன் வாசலிலேயே குந்தியிருப்பான், முடியட்டும் என்று. அவளும் அப்படியே. அவன் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவனுடைய முகத்தையே பார்த்தபடி, விறகுக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சட்டம் இருந்தால் அதில் சந்தும் இருக்குமல்லவா? வாய்ச்சண்டை முற்றினால் யாராவது ஒருவர் பாய்ந்து சிரிஞ்சை எடுத்துவிடுவார்கள். “எடுத்துட்டா, எடுத்துட்டா! இனி அவன் புத்தர் சிலைதான்” என்று சுவருக்கு அந்தப் பக்கம் மூக்காயி சிரிப்பாள்.

லோகன் அந்தச் சட்டத்தை அதன்பிறகு ஒருநாளும் மீறவில்லை. இதை இங்கே சொல்லி வைக்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக் காம்பராவில் யதுஷாவை எடுக்கவில்லை. குழாய்ப் பிள்ளையைப் பார்க்க எங்களுக்குப் பழக்கமில்லை என்றார்கள். அதனால் புருசனும் பொஞ்சாதியும் ஒருநாள் விட்டு ஒருநாள் மலைக்குப் போனார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் வீட்டில். லோகன் வீட்டில் நிற்கிற நாளில் பிள்ளைக்கு நேரம் தப்பாது. அவன் ஊற்றினால் ஒரு சொட்டும் சிந்தாது. அதைப் பார்த்து ஜீவராணிக்கு எரிச்சலும் வரும், நிம்மதியும் வரும்.

அந்த மாதம் குழாயைச் சுற்றி ஒழுகத் தொடங்கியது. ஊற்றுவதில் கொஞ்சம் பக்கத்தால் கசிந்து சட்டையை நனைத்தது. தோல் சிவந்து வெந்தது. பிள்ளை இரவும் பகலும் அந்த நூல் சத்தத்தில் முனகியது. “கிளினிக்குக்குக் கொண்டு போவோம்யா” என்றாள் ஜீவராணி. “வியாழக்கெழம கிளினிக் இருக்குல்ல, அன்னைக்குப் போவோம். அதுக்குள்ள என்ன?” என்றான் லோகன். அதற்கும் ஓர் அறை, ஓர் உதை நடந்தது. ஆனாலும் வியாழன் என்றே முடிவானது.

செவ்வாய்க்கிழமை ஜீவராணி மலைக்குப் போனாள். லோகன் வீட்டில்.

பால் வெட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கத்தி வழுக்கி விரலில் பட்டாலோ, அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காவிட்டாலோ, சிரட்டையிலிருந்து ஒரு சொட்டுப் பாலைத் தொட்டுப் புண்மேல் வைப்பார்கள். அது காய்ந்து தோலுக்குமேல் ஒரு தோலாகிவிடும். தண்ணீர் போகாது, ரத்தம் வராது. லோகனின் கைகளில் எப்போதும் அப்படி இரண்டு மூன்று தோல்கள் ஒட்டியிருக்கும். அவனுக்கு அதுதான் பிளாஸ்டர், அதுதான் மருந்து. மரம் கொடுக்கிறது, மரத்தால் வந்த காயத்தை மரமே அடைக்கிறது.

மகளின் வயிற்றில் ஒழுகுகிற ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அது தோன்றியதில் ஆச்சரியம் என்ன?

மூக்காயி அன்று சீக்கிரமாக வெட்டி முடித்து, ஸ்டோருக்குப் போகிற வழியில் வாளியோடு காம்பராவுக்கு வந்திருந்தாள். “மூக்காயிக்கா, கொஞ்சம் பால் குடு” என்றான் லோகன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. வாளியிலிருந்து ஒரு சிரட்டை மொண்டு கொடுத்துவிட்டுப் போனாள். மரத்துப் பாலுக்கும் வாளிப் பாலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வழியில் உறைந்துவிடாமல் இருக்க வாளியில் அமோனியாத் தண்ணீர் விட்டிருப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு அவனுக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. வருசக்கணக்காக அந்த வாசத்திலேயே நின்ற மூக்கு, அதைச் சொல்லவும் இல்லை.

ஜீவராணி பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, தீட்டவேண்டிய கத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே அமோனியா மணத்தது. மலையில் இருக்கவேண்டிய வாசம் வீட்டுக்குள் இருந்தது.

உள்ளே லோகன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். வலக்கை மேலே, கையில் சிரிஞ்ச். முகத்தில் அவள் அபூர்வமாகக் காணும் ஒரு சிரிப்பு.

“வந்துட்டியா? இங்க பாரு ஜீவா. ஒரு சொட்டு ஒழுகல.”

அவள் பார்த்தாள். குழாயைச் சுற்றி, வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளையாக ஒரு தோல். அதன் ஓரங்களில் பிள்ளையின் சொந்தத் தோல் தீயில் வாட்டினதுபோல் சிவந்து கொப்பளித்திருந்தது. யதுஷாவின் வாய் முழுக்கத் திறந்திருந்தது. சத்தம் மட்டும் அதே நூல். பால் கொடுக்கும்போதெல்லாம் அழுகிற பிள்ளைதானே என்று அவன் இருந்துவிட்டான்.

“பிள்ளைய என்னய்யா செஞ்ச?”

“அடைச்சேன்டி. பால் வச்சு...”

அவன் கை உயர்ந்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. சட்டமும் தெரிந்தது. கத்தியை வீசினாள்.

பால்வெட்டுக் கத்திக்கு முனை வளைந்திருக்கும், குத்தாது, சீவும். உயர்ந்து நின்ற கையில், முழங்கைக்கு மேலே, மரத்தை எடுப்பது போலவே எடுத்தது. மேலிருந்து கீழே, சாய்வாக, ஒரே இழுப்பு. முதலில் வெட்டு வெள்ளையாகத்தான் இருந்தது. பிறகு ரத்தம் வரிசையாகப் புள்ளி வைத்தது. புள்ளிகள் சேர்ந்து சாய்வில் ஓடி முழங்கையில் சொட்டின. கை தானாக விழுந்தது. விழுந்த கையோடு சிரிஞ்சும், சிரிஞ்சோடு குழாயும் போயின. வெள்ளைத் தோல் பாதி கிழிந்து குழாயோடேயே வந்தது.

லோகன் தன் கையைப் பார்க்கவில்லை. பிள்ளையின் வயிற்றைப் பார்த்தான்.

“வந்துருச்சு” என்றான்.

ஜீவராணி அவனை நெஞ்சில் உதைத்தாள். அவன் மல்லாந்து விழுந்து, எழுந்து, திரும்பவும் அதே இடத்தில் மண்டியிட்டான். இன்னொருமுறை உதைத்தாள். திரும்பவும் வந்தான். “என்னைய பொறவு கொல்லுடி. ஓட்ட மூடிரும்டி, ஓட்ட!”

அப்போதுதான் அவளுக்கு டொக்டரின் குரல் கேட்டது. அடுப்பில் கொதித்தாறிய தண்ணீர் இருந்தது. குழாயை எடுத்து அதில் கழுவினாள். ஒட்டியிருந்த ரப்பரைப் பல்லால் கடித்துப் பிய்த்துவிட்டுத் திரும்பக் கழுவினாள். பிள்ளையின் வயிற்றில் அந்த ஓட்டை, சின்ன வாய்போல, சிவந்து, ஈரமாக இருந்தது. அவள் குழாயின் முனையை அதில் வைத்தாள். கை ஆடியது. வயர் பிடித்த கை, அயன் பெட்டி பிடித்த கை, பென்சில் தடிப்புள்ள ஒரு குழாயைப் பிடிக்க மாட்டேன் என்று ஆடியது. பிள்ளை நெளிந்தது. முனை வழுக்கி வெந்த தோலில் பட்டது. நூல் சத்தம் அறுந்தது.

“விடு. நான் வைக்கிறேன்.”

“தொட்ட, அந்த மற்றக் கையையும் எடுத்துருவேன்.”

“எடு. வச்ச பொறவு எடு.”

சத்தம் கேட்டு மூக்காயி ஓடிவந்து வாசலில் நின்றாள். ரத்தத்தையும் சிரட்டையையும் பிள்ளையின் வயிற்றையும் பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து லோகனின் கையை இறுக்கிக் கட்டினாள். பிறகு உட்கார்ந்து பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். “குடுடி அவன்கிட்ட” என்றாள். “ஒன் கை இப்ப கையில்ல.”

ஜீவராணி குழாயைக் கொடுத்தாள். பிள்ளையின் தோள்களைப் பிடித்தாள். லோகன் இடக்கையால் குழாயைப் பிடித்து, மரத்தில் பழைய வெட்டின் வழியைத் தேடுவது போல முனையால் மெல்லத் தொட்டு, வழியைக் கண்டு, தள்ளினான். அது போனது. கட்டின துண்டை மீறி வலக்கை விரல் வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய் பிடித்த விரல் ஆடவில்லை.

“பலூன் செத்திருச்சு போல. நிக்காது. பிடிச்சுக்க” என்றான்.

அவள் பிடித்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருக்கும் ஷிஹாபுக்கு ஒரு த்ரீவீல் இருந்தது. மூக்காயி போன் பண்ண, அவன் கடையைச் சாத்திவிட்டு மேலே வந்தான். பின்சீட்டில் இருவரும் உட்கார, நடுவில் பிள்ளை. ஜீவராணி இரு கைகளையும் குழாயிலிருந்து எடுக்க முடியாது. லோகனுக்கு ஒரு கையைத் தூக்க முடியாது. தோட்டத்து ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் பிள்ளை துள்ளியது. அவள் விரல்களுக்குள் குழாயும் துள்ளியது.

“நான் நல்லதுக்குத்தான்டி செஞ்சேன்.”

“எங்கப்பனும் நல்லதுக்குத்தான் வயர மாட்டி வச்சிருந்தாரு.”

“ஒழுகிச்சு. பிள்ள ராவெல்லாம் அனத்துச்சு. நீயும் தூங்கல.”

“அதுக்கு அமோனியாவ ஊத்துவியா? உங்கண்ணுல ஊத்திப் பாத்தியா? பாத்திருக்கணும்யா.”

அவன் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தான். “ஊத்திருக்கணும்” என்றான்.

ஷிஹாப் கண்ணாடியில் பார்த்தான். “லோகண்ணே, கைய வெளியப் பக்கமாப் புடிங்க. சீட்டுக்கு நேத்துத்தான் கவர் போட்டேன்.” அவன் பள்ளங்களை விலக்கி விலக்கி ஓட்டினான். “தோட்டத்துல மத்தவங்க மரத்த வெட்டுறாங்க” என்று முணுமுணுத்தான். “நீங்க ஆள வெட்டுறீங்க.”

டவுன் ஆஸ்பத்திரியில் பிள்ளையை உடனே எடுத்துக்கொண்டார்கள். புதுக் குழாய் வைத்தார்கள். அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தார்கள். வெந்த தோலை எண்ணெய் தொட்டுத் துடைத்து, மிஞ்சிய ரப்பரைத் துண்டு துண்டாக எடுத்து, மருந்து வைத்துக் கட்டினார்கள். ஜீவராணி சுவரோடு நின்று ஒவ்வொரு துண்டையும் பார்த்தாள். லோகனுக்கு வேறோர் அறையில் தையல் போட்டார்கள்.

டொக்டர் இளம் பெண். சிங்களத்தில் பேசினாள். கோபத்தை அடக்குவதால் குரல் தாழ்ந்திருந்தது.

“ஓட்டை மூடவில்லை. சரியான நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க. ஒழுகினதுக்குக் காரணம் உள்ளே பலூனில் தண்ணி குறைஞ்சது, அவ்வளவுதான். இங்க கொண்டு வந்திருந்தா ஒரு சிரிஞ்ச் தண்ணியோட முடிஞ்சிருக்கும்.” அவள் நிறுத்தினாள். “பிள்ளையின் உடம்பில் ரசாயனம் பட்ட காயம். அப்பாவின் கையில் வெட்டுக் காயம். இப்படிப்பட்ட வீட்டுக்கு இந்தப் பிள்ளையை நான் எப்படி அனுப்புறது? பொலிஸுக்குச் சொல்லத்தான் வேணும். சிறுவர் பகுதி ஆட்களும் வருவாங்க. உங்க இரண்டு பேரில் ஒருத்தரையாவது நம்பலாம் என்று எனக்குத் தெரிஞ்சாத்தான் பிள்ளை வீட்டுக்கு வரும். இல்லாட்டி, சிறுவர் இல்லத்துக்கு.”

இல்லம். ஜீவராணி அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாள், கொழும்பில், வேலைக்கு நின்ற வீட்டுக்காரர்கள் ஒரு பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது. வரிசையாகக் கட்டில்கள். ஒரே பெண் எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு போனாள். சிரிஞ்சைத் தூக்கிப் பிடிக்க அவளுக்கு நேரமில்லை. தண்டைப் போட்டு ஒரே அழுத்தில் தள்ளிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மறுநாள் பிள்ளை படுத்திருந்த வாட்டுக்கு ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் வந்தார். பருத்த மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து லோகனின் கைக்கட்டைப் பார்த்தார்.

“எப்படி நடந்தது?”

“மரம் வெட்டக்குள்ள கத்தி வழுக்கிருச்சு ராளஹாமி” என்றான் லோகன், தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

“முழங்கைக்கு மேலே? வலக்கையில்? நீ எந்தக் கையால் வெட்டுறவன்?”

லோகன் யோசித்தான். “வலக்கையால.”

“அப்போ வலக்கையில் கத்தியைப் பிடித்து வலக்கையையே வெட்டினாய். நீ பெரிய ஆள்தான்.” பக்கத்துக் கட்டில் தாய்மார் சிரித்தார்கள். பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. ஜீவராணியின் பக்கம் திரும்பினார். “நீ வா. வெளியே வந்து சொல்லு.”

அது பிள்ளைக்குப் பால் நேரம். அன்றுதான் திரும்பக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நீங்களே கொடுங்கள், நான் பார்க்கிறேன் என்று டொக்டர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள். ஜீவராணி சிரிஞ்சைப் பொருத்தி மேலே தூக்கினாள்.

“வரச் சொன்னேன்” என்று பொலிஸ்காரர் எழுந்தார்.

லோகன் குறுக்கே வந்தான். பதறிப்போய்ச் சொன்னான். “இப்ப வேணாம் ராளஹாமி. கை மேல இருக்கு. இப்ப அடிக்கக் கூடாது.”

“யார் யாரை அடிக்கப் போறாங்க?”

லோகன் வாயை மூடினான். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவன் முகமே சொன்னது. டொக்டர் அவனைப் பார்த்தாள், பிறகு உயர்ந்து நின்ற கையைப் பார்த்தாள். பால் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜீவராணி ஊற்றினாள். அவள் இதைவிட மெதுவாக ஊற்றியதில்லை. கை மேலே இருக்கும்வரை எதுவும் நடக்காது. பொலிஸ் இல்லை, இல்லம் இல்லை. யதுஷா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி எவ்வளவு நேரத்துக்கு இப்படிப் பிடித்திருக்க முடியும் என்று யோசித்தாள். யோசனை அங்கே நிற்காமல் கீழே இறங்கியது, பால் இறங்குவதைப் போல. கை உயர்ந்திருந்தபோது அடித்தது யார்?

அவன் செய்தது முட்டாள்தனம். செய்துகொண்டிருந்தபோதும் சிரிஞ்ச் உயரத்தில்தான் இருந்தது. அவள்தான் பார்த்தாள், தெரிந்தது, வீசினாள். வீசியதால்தான் குழாய் வந்தது. இரண்டு பேரில் ஒருத்தர் என்று டொக்டர் சொன்னாள். ஒருத்தர் போதும்.

“நான்தான் வெட்டினேன்” என்றாள் சிங்களத்தில், கையை இறக்காமல். “அவர் ரப்பர்ப் பால் வச்சது தெரியாமல். எங்க காயத்துக்கு நாங்க அதத்தான் வைப்போம். நான் வெட்டினது தெரிஞ்சு. பிள்ளைக்குப் பால் ஓடிக்கிட்டிருக்கும்போது வெட்டினேன். குழாய் வெளிய வந்தது என்னால. உள்ள வச்சது அவரு, அந்த ரத்தக் கையோட. டொக்டர் மிஸ், நம்புறதுன்னா அவர நம்புங்க. அவரு ஊத்தினா சிந்தாது.”

“ஜீவா, வாய மூடு” என்றான் லோகன் தமிழில்.

“நீ மூடு. எனக்கு இப்பக் கை ஒழியல, இல்லாட்டி ஒன்னு வச்சிருப்பேன்.”

டொக்டர் லோகனைப் பார்த்து, கட்டிலைக் காட்டினாள். அவன் வந்தான். இடக்கையைத் தூக்கி, ஜீவராணியின் விரல்களுக்குமேல் வைத்து, சிரிஞ்சை வாங்கிக்கொண்டான். அது ஒரு விரற்கடை கூடத் தாழவில்லை. பாலின் மட்டம் ஆடவில்லை. டொக்டர் குனிந்து அந்த மட்டத்தையே பார்த்தாள்.

ஜீவராணி கையை விட்டாள். கழுவின துணியில் விரல்களைத் துடைத்தாள். பிள்ளையின் தலையை ஒருதரம் தொட்டாள். பிறகு பொலிஸ்காரருக்கு முன்னால் நடந்தாள். வாட்டு வாசலில் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் கத்தினாள்.

“யோவ்! முடிஞ்சதும் தண்ணி ஊத்து, மறந்துறாத. கைய இறக்கின, வந்து மற்றக் கையையும் சீவிருவேன்!”

பொலிஸ்காரர் நின்றார். கட்டிலடியில் நின்றவனைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

லோகன் சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பிள்ளைய நல்லாப் பாத்துக்கச் சொல்றா, ராளஹாமி” என்றான்.